சபைக்கு எடுத்துவைத்த அரிசி

ஜூன் 8, செவ்வாய்

விடியலில் மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஜெபவீட்டு அத்தாப்பு ஓலைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். பாயை நகர்த்திப் போட்டேன். இன்றைய வேலை: கூரை, மரவள்ளிப் பாத்தியில் களை, பிடி அரிசியைக் காயவைத்தல்.

அரிசித் தகரத்தில் வண்டு. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். ஜப்பான்காரன் அரிசி அளந்து கொடுக்கிற இந்தக் காலத்திலும் நிறுத்தவில்லை. பிடி சிறுத்துவிட்டது, அவ்வளவுதான். போதகர் வந்து ஜெபித்துப் படைத்த பிறகே கைவைக்கலாம்; நான் வெறும் உபதேசி. அவரோ ஈஸ்டருக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கூலிம் டவுனிலிருந்து வெளியே வர பாஸ் கிடைக்கவில்லையாம்.

"உங்க போதகர் வர்றதுக்குள்ள வண்டெல்லாம் ஞானஸ்நானம் வாங்கிடும்" என்றாள் என் மனைவி ஞானம். சிரித்தேன்.

ஜூன் 10, வியாழன்

நல்ல வெயில். தோட்டத்துக் கங்காணி லயம் லயமாக, ஒரு வீட்டு வரிசை விடாமல் சொல்லிப் போனார். ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் வேண்டும், திங்கள்கிழமை லோரி வரும், போகிறவர்களுக்கு வயிறார அரிசிச்சோறு. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட இல்லை.

சாயங்காலம் மாரியாயி வந்தாள். கோயில் பக்கத்து லயத்தில் இருக்கிற பால்வெட்டுக்காரி. புருசன் முதல் லோரியில் சயாம் போனவன். இடுப்பில் மகள், காய்ச்சலோடு. உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, வீட்டுக்குப் பின்னால போட்ட கெழங்கு இன்னும் வெரல் மொத்தந்தான். அது தேர்ற வரைக்கும் கஞ்சிக்குக் கொஞ்சம் அரிசி குடுத்தீங்கன்னா நான் லோரி ஏறமாட்டேன். இல்லாட்டிப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறிடுவேன். அங்கயாவது சோறு போடுறாங்களாம்."

"போகாத தாயி. போனவங்க ஒருத்தரும் திரும்பல."

"தெரியுங்க. அதான் இங்க வந்தேன்."

போதகருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஞாயிறு வந்துவிடுவார், அவர் ஜெபித்ததும் முதல் படி உனக்குத்தான் என்றேன். தலையாட்டினாள். எங்கள் மரவள்ளியில் இரண்டு கொடுத்து அனுப்பினேன். ஞானம் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

ஜூன் 13, ஞாயிறு

போதகர் வரவில்லை. நானே ஆராதனை. பிரசங்கம்: ஏழைக்கு இரங்குதல். நன்றாக இருந்ததாம், சபை மூப்பர் கையைப் பிடித்துச் சொன்னார். நடுவில் பார்த்தேன், மாரியாயி வெளியே பலாமரத்தடியில் நிற்கிறாள். பிரசங்கத்தைக் குறைக்கவில்லை. முடித்து வெளியே வந்தபோது ஆள் இல்லை.

ஞா.: "தகரத்தத் தூக்கிக்கிட்டு நானே போறேன்."

"பொறு. படைக்காத காணிக்கை. நாமளா கைவச்சா மூப்பருக்கு என்ன பதில் சொல்றது?"

"மாரியாயிக்கு என்ன பதில் சொல்வீங்க?"

தகரத்தை மூடி உள்ளே வைத்தேன். பிடிவாதம்தான், வேறென்ன. லோரிக்கு முன்னால் போதகர் வந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

ஜூன் 14, திங்கள்

லோரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். அவள் ஏறிவிட்டிருந்தாள். மகள் தோளில் தூக்கம். அப்போதுதான் பார்க்கிறேன், வெறுங்கையோடு ஓடி வந்திருக்கிறேன்.

"ஐயா, கெழங்கு தேறுனா பக்கத்து வீட்டுச் செல்லம்மாவப் புடுங்கிக்கச் சொல்லுங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்து தகரத்திலிருந்து வண்டு பொறுக்கினேன்.

ஜூன் 15, செவ்வாய்

தூறல். மத்தியானம் போதகர் பாஸ் கிடைத்து வந்துசேர்ந்தார். சைக்கிள் டயருக்குள் கயிறு திணிப்பு, பாதி வழி தள்ளிக்கொண்டே வந்தாராம். எல்லாம் சொன்னேன். ஈரச் சட்டையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வந்து கண்ண மூடினாத்தான் அது சோறாகுமா, உபதேசியாரே? எடுத்துக் குடுத்திருக்கலாமே." சட்டையைப் பிழிந்துகொண்டே, "நாங்க சொல்லிக்குடுத்ததுதானே. எங்க மேலயும் தப்பு" என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. லோரியைத் தடுக்க என்னால் முடியாது, நிஜம்தான். அரிசி கொடுக்க முடிந்திருக்கும். ஒருத்தி வந்து வாய்விட்டுக் கேட்டாள், நான் முறை பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16, புதன்

மழை இல்லை. அரிசி முழுவதும் ஒரே அண்டாவில் கஞ்சி. ஞா. கிண்டினாள், போதகர் விறகு தள்ளினார். எல்லா லயத்துக்கும் சொல்லிவிட்டோம். மூப்பர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ஒரு பெரியவர் தேங்காய்ச் சிரட்டையோடு: "ஜெபம் சொல்லிட்டுத்தான் குடிக்கணுங்களா?"

"வேணாங்க. சூடா இருக்கு, ஊதிக் குடிங்க."

செல்லம்மா வந்தாள். சட்டியில் ஊற்றினேன். நகராமல் நின்றாள்.

"இந்த அரிசி போன வாரமே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சும்மா."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்று குடித்து முடித்து, சட்டியை மறுபடியும் நீட்டினாள்.