நான் எழுதாத ராஜினாமா

16 ஆகஸ்ட் 2024, வெள்ளி
நேற்றும் இன்றும் எங்கள் எறால் கம்பெனிக்கு லீவு. மத்தியானம் டி.ஆர்.பட்டினத்தில் சஜிதா வீட்டில் சாப்பாடு. "தெனமும் எறாலயே பாக்குறீங்க அக்கா, இன்னைக்காவது கறி சாப்புடுங்க" என்று மூன்று தரம் போட்டாள். கம்பெனி ஆபீசில் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

போன வாரம் ஃப்ரீசர் அறையில் அம்மோனியா கசிந்து, எறால் உரிக்கும் அல்லி மயங்கி விழுந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் நான்தானே, எழுதாமல் எப்படி? அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறார் மேனேஜர் ராஜ்மோகன். முடியாது என்றேன். கேட்டுவிட்டு சஜிதா, "பாத்து இருங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்?

26 ஆகஸ்ட், திங்கள்
கேட்டில் நிறுத்திவிட்டார்கள். "தமிழரசி அக்கா, நீங்கதான் ராஜினாமா குடுத்துட்டீங்களாமே" என்கிறார் வாட்ச்மேன். நானா? எப்போ? மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். "கையெழுத்து உங்களோடதுதாம்மா." ஏழு வருஷம் ஐஸ் தண்ணியில நின்னதுக்கு இதுதானா? தூ.

27 ஆகஸ்ட்
பல் தேய்க்கும்போது புரிந்தது. வேலைக்குச் சேரும் அன்று எல்லாரிடமும் இரண்டு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். நானும் போட்டேன். அந்தத் தாள்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கும். பீரோ சாவி சஜிதாவிடம். டைப் அடிப்பவளும் அவள்தான்.

ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

30 ஆகஸ்ட்
இன்றும் எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படி எடுக்கும்?

2 செப்டம்பர்
வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் எல்லாம் சொன்னேன். "அந்தப் புள்ளயா இப்படிப் பண்ணும்? அவசரப்படாத" என்கிறார். மணிவேலுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

5 செப்டம்பர்
டி.ஆர்.பட்டினம் பஸ் ஸ்டாப்பில் சஜிதா. என்னைப் பார்த்ததும் வேகமாக நடந்தாள். விடுவேனா? மறித்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "லெட்டர நேர்ல காட்டச் சொல்லிக் கேளுங்க அக்கா. அத மட்டும் விடாதீங்க" என்றாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

யார் சொல்லிக்கொடுத்து அனுப்பியது? லெட்டரில் என் கையெழுத்து இருக்கிறது. காட்டினால் மாட்டுவது நான்தானே? சாப்பாடு போட்ட அன்றே இதெல்லாம் திட்டம் போட்டிருப்பாளோ?

9 செப்டம்பர், திங்கள்
காரைக்காலில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கையால் எழுதிய மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில், "அலுவலக எழுத்தர் சஜிதா எனது வெற்றுத்தாளைத் திருட்டுத்தனமாக எடுத்து ராஜினாமா தயாரித்துள்ளார்" என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார் இவர். அடிக்கவில்லை. லெட்டரைக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தேன். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, என்ன சூழ்ச்சி என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

14 அக்டோபர், திங்கள்
விசாரணை. சென்னை ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர் லெட்டரை எடுத்து வைத்தார். கீழே என் கையெழுத்து. அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: ஆகஸ்ட் 16, மாலை நான்கு மணி, அலுவலகத்தில் நேரில் பெறப்பட்டது.

"அன்னைக்கு ஆபீஸ் தொறந்திருந்துச்சா?"

"வெள்ளிக்கிழமை மேடம். வொர்க்கிங் டே."

"சென்னையில வொர்க்கிங் டே. இங்க புதுச்சேரி அரசுல பதினஞ்சும் லீவு, பதினாறும் லீவு. பிரெஞ்சுக்காரங்க சட்டப்படி நம்ம கையில ஒப்படைச்ச நாள் சார் அது."

ராஜ்மோகன் தரையைப் பார்த்தார். தேதியைப் படிக்காமலே சீல் வைத்திருக்கிறார். பூட்டிக் கிடந்த ஆபீசில் நான் யாரிடம் கொடுத்தேனாம்? எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முட்டாப் பசங்க.

29 அக்டோபர்
வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. திங்களிலிருந்து போகலாம். இவர் வஞ்சிரம் கொண்டுவந்தார்.

4 நவம்பர், திங்கள்
சஜிதாவின் மேஜையில் வேறு ஒரு பெண்.

தீபாவளிக்கு முன்பே அவளை நிறுத்திவிட்டார்களாம். "மோசடி பண்ணினது சஜிதாதான்னு உங்க மனுவுலயே இருக்கேம்மா. அதான் நடவடிக்கை எடுத்துட்டோம்" என்கிறார் மேனேஜர், எனக்கு ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி.

நோட்டீஸ் போர்டில் இந்த வருஷ விடுமுறைப் பட்டியல். ஜனவரியில் சஜிதா கையால் எழுதி ஒட்டியது. ஆகஸ்ட் 16, சிவப்பு மையில்.

அவளுக்கா தெரியாது? அன்றைக்கு எனக்குக் கறி போட்டவளுக்கா? வேண்டுமென்றே அந்தத் தேதியை டைப் அடித்துவிட்டு, லெட்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்க என்று நடுத்தெருவில் வேறு சொன்னாளே. ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

5 நவம்பர்
அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தாள்.

"டைப் அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். முடியாதுன்னா அன்னைக்கே என்னையும் அனுப்பிருப்பாங்க. தேதி ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு."

அக்கா என்று சொல்லவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. நீயும் மனு போடு, நான் வந்து சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கமாக இருக்கிறது.

18 டிசம்பர், புதன்
லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகம் போனேன். இந்த முறை மனு சஜிதாவுடையது. நான் சாட்சி.

"உங்க மனுவுல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?" என்றார் அதிகாரி அம்மா.

"தப்பா எழுதிட்டேன் மேடம். அந்தத் தேதியப் போட்டு என்னைக் காப்பாத்துனதே அவங்கதான்."

எழுதித் தரச் சொன்னார். எழுதி, இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ராஜ்மோகன் முறைத்துக்கொண்டே இருந்தார். நாளைக்கே என்னை மறுபடி கேட்டில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும்.

திரும்பும்போது ஒரே பஸ். சஜிதா முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்ததும், "டி.ஆர்.பட்டினம் ரெண்டு" என்றாள்.

எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்ததில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று மனசு கிண்ட ஆரம்பித்தது. சும்மா கிட என்று அதட்டினேன்.