முதலில் தட்டிய கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தம்பி மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்பு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் தம்பி ராணுவத்திலிருந்து வந்தபின் இந்த வீடு எப்படி மாறியது என்று உனக்குத் தெரியும். திடீர்ச் சத்தம் கேட்டால் அவன் பதறுகிறான் என்று அப்பா எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார், அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினார், நான் தையல் மெஷினைக் கடையிலேயே போட்டுவிட்டு வீட்டில் கைத்தையல் மட்டும் வைத்துக்கொண்டேன். நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு விசாரித்து அந்த ஆஸ்பத்திரி மாடி வகுப்பைக் கண்டுபிடித்திராவிட்டால் அவன் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். சண்டையிலிருந்து திரும்பியவர்கள் ஆளுக்கொரு வாத்தியம் பழகுகிறார்கள், லாரி ஓட்டிய ஒருவர் புல்லாங்குழல் எடுத்திருக்கிறார், பாவம், இதுவரை காற்றுதான் வருகிறது. உன் தம்பி எடுத்தது செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி ஆள் உயரம். அதை நெஞ்சோடு சாய்த்து வில்லை இழுத்தால் அதிர்வு உள்ளே வரைக்கும் போகிறது, அப்போது கை நடுக்கம் அடங்குகிறது என்று அவனே சொன்னான். பஸ்ஸில் ஏற்ற முடியாத அந்தப் பூதத்தை வாரா வாரம் தன் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்தது உன் மாமாதான்.

வாத்தியாரம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. அவன் வாசித்து முடித்தால் கைதட்டாதீர்கள், வகுப்பில் யாரும் தட்டுவதில்லை, கையைத் தூக்கிக் காட்டுவோம், அவ்வளவுதான், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். நானும் பெரிய கெட்டிக்காரி போலத் தலையாட்டினேன்.

இப்போது என் புத்தி போன போக்கைக் கேள். உன் அத்தை ஒருநாள் கடைக்கு வந்து, இன்னும் சும்மாதான் இருக்கானா என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று மாமாவையும் அத்தையையும் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன், சாப்பாட்டுக்குப் பிறகு இவனை வாசிக்கச் சொன்னேன். வேணாம்மா என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சரி, உனக்காகத்தான் என்று எழுந்து போய்ச் செல்லோவைக் கொண்டுவந்தான். அவனுக்காக என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு எனக்காகச் செய்தேன், அதுதான் இன்னும் என்னை அரிக்கிறது.

வந்தவர்களிடம் யாரும் தட்டக் கூடாது என்று தனித்தனியாகச் சொல்லி வைத்தேன், மாமாவின் சின்னப் பையனுக்கு இரண்டு கையிலும் தம்ளரைக்கூடக் கொடுத்து உட்கார வைத்தேன். நான் சமையலறை வாசலில் நின்று சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன், அங்கே நின்றால் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டேன். அந்தச் சின்னப் பாட்டை எப்போதும் பாதியில் விட்டுவிடுவான். அன்று முழுவதும் வாசித்தான். கடைசிச் சுரம் அறையெல்லாம் நிறைந்து மெல்ல அடங்கியதும், மகளே, நான் தட்டிவிட்டேன். மற்றவர்களுக்குக் காவல் வைத்தவள் எனக்கு வைக்கவில்லை. ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் இரும்புத் தையல் தொப்பி மாட்டியிருந்தேன், அது இன்னொரு கை மோதிரத்தில் பட்டு டக்கென்று இரும்புச் சத்தம். நான் தட்டிய சத்தம் கேட்டுப் பிள்ளைகள் தட்டினார்கள், அத்தை தட்டினாள். அவன் செல்லோவோடு தரையில் விழுந்து மேசைக்கடியில் போய்த் தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது.

மாமா எல்லாரையும் வெளியே அனுப்பினார். வாசலில் இருந்த அப்பா வழிமறித்து யார் முதல்ல தட்டினது என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். நான்தான் மாப்ள, தெரியாம தட்டிட்டேன் என்றார். அப்பா இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் தைத்துக்கொண்டு நின்றேன், தையல்காரி அல்லவா. விஷயம் தெரிந்து நீயும் போன் போட்டு வயசுக்கேத்த புத்தி இல்லையா மாமா என்று அவரைக் காய்ச்சி எடுத்தாய், அதையும் வாங்கிக்கொண்டார். ஓட்டை வாய் என்று நாம் பேர் வைத்துச் சிரித்த மனிதர், இந்த ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. அவர் வராததால் வண்டி வரவில்லை, வண்டி வராததால் வகுப்பும் நின்றது. செல்லோ மூலையில் சுவரைப் பார்த்து நின்றது, இவன் பழையபடி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நீ கேட்டபோதெல்லாம் பரவாயில்லை, தேறிட்டு வர்றான் என்று உன்னிடம் புளுகினேன்.

நேற்று மத்தியானம் தாங்க முடியவில்லை. அவன் பார்க்கும்படி எதிரே போய் உட்கார்ந்து, மாமா இல்லடா, நான்தான் என்றேன். தெரியும்மா, மாமா கைல ஏது இரும்பு என்றான். தெரிஞ்சும் ஏண்டா சொல்லல என்று கேட்டேன். நீ சொல்லுவன்னு இருந்தேன் என்றான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தத் தொப்பிய மாட்டிக்க, இங்கயே உக்காந்து தட்டு என்றான். மாட்டேன் என்றேன். வர்றது தெரிஞ்சா தாங்கிக்கலாம்மா, எங்கேர்ந்து வருதுன்னு தெரியாததுதான் கஷ்டம் என்றான். என் கைகள் ஒன்றுசேரவே மாட்டேன் என்றன. கடைசியில் தட்டினேன். அவன் கழுத்து நரம்பு புடைத்தது, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னொண்ணு என்றான். தட்டினேன். போதும், மாமாவ வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு என்றான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை எடுத்து மாமா நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார், நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். மாமாவிடம் அண்ணா என்று ஆரம்பித்ததுமே அழுகை வந்துவிட்டது. விடும்மா, காலைல எத்தன மணிக்கு வரணும், அத மட்டும் சொல்லு என்றார். இன்று காலை இருவருமாகச் செல்லோவை வண்டியில் ஏற்றினார்கள். அந்த மரத்துண்டு தம்பியின் சட்டைப் பையில் இருந்தது, ஒட்டவெல்லாம் வேண்டாம், தந்தியின் இறுக்கத்திலேயே நிற்குமாம், வாத்தியாரம்மா மறுபடி நிறுத்திவிடுவார் என்று தம்பி சொன்னான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் அவர்கள் வகுப்பில் செய்வதுபோலக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றேன், ஆட்டக்கூட இல்லை.

நீ சுகமாக, மனநிறைவோடு இரு, என் ஆசி எப்போதும் உனக்குண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக மாமாவுக்குப் போன் பண்ணு, நீ திட்டியதற்கு நான் கேட்கும் மன்னிப்பு செல்லாது, அதை நீதான் கேட்க வேண்டும். அப்புறம் எனக்குப் பண்ணு, மாமாவைத் திட்டியதில் ஒரு வார்த்தையும் குறைக்காமல் என்னைத் திட்டு.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா