குவாரித் தண்ணீரைச் சுற்றி ஒரு வேலி

இன்று காலை வேலிக்காரர் தேசிங்கு புதுக் கம்பி வலை ஒரு சுருளைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார். அதை ஓரமாக உருட்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். வாடை போகவில்லை. ஈரமான சில்லறைக் காசை வெகுநேரம் கைக்குள் வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. ஒரு கோடை முழுக்க உன் சட்டையில் அடித்ததும் இதுதான். காபி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் வேலியில் ஓர் இடத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள். மது குடிக்க வருகிற யாரோ கம்பியை அறுத்து வழி செய்திருக்கிறார்கள். முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீ இல்லை. எழுதுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த மனைப்பிரிவில் நாம் இருவரும் அடுத்தடுத்து வீடு கட்டினோம். ஒரே அலுவலகம், ஒரே ஆபீஸ் பஸ். பின்னால் இருந்த கல்குவாரியைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி, பச்சை நிறத்தில் அசையாமல் கிடந்தது. மனை விற்றவர் அதைக் காட்டி, "ஏரிக்கரை வீடு சார், காத்து பிச்சிக்கினு வரும்" என்றார். நீ திருநெல்வேலிக்காரன். "தாமிரபரணியப் பாத்தவன்கிட்ட இதப் போயி ஏரிங்காரு" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய்.

அந்தத் தண்ணீரில்தான் உன் மகன் கதிர் போனான். கல்லூரியில் இரண்டாம் வருடம். நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆற்றில் நீயே கற்றுக்கொடுத்தது. ஆனால் குவாரித் தண்ணீர் ஆறு இல்லை. மேலே வெதுவெதுப்பு, ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே பனிக்கட்டிக் குளிர். கால் வைக்கக் கரை என்று ஒன்று கிடையாது, செங்குத்தாக வெட்டிய பாறைதான்.

காரியமெல்லாம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய வாரம், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அதச் சுத்தி வேலி போடணும்ல" என்றாய். ஊராட்சியில் கேட்டபோது, "உங்க செலவுல போட்டுக்கினா எங்களுக்கு இன்னா சார்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை அனுமதியாக எடுத்துக்கொண்டாய்.

என்ன வேலி என்பதில்தான் எத்தனை நாள் போனது! முதலில் வந்த வேலிக்காரர் முள் கம்பி போதும் என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பையன்கள் வந்தால் ஒருவன் கம்பியை மிதிப்பான், இன்னொருவன் தூக்கிப் பிடிப்பான், நடுவில் நுழைந்து போய்விடுவார்கள் என்றாய். அடுத்தவர் ஆயத்த சிமெண்ட் பலகைச் சுவரின் படங்களைப் போனில் காட்டினார். சீக்கிரம் முடியும், யாரும் அறுக்க முடியாது. எனக்கு அதுதான் சரியென்று பட்டது. நீ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சுவரு வச்சா உள்ள யாரு கெடக்கான்னு வெளிய போறவனுக்குத் தெரியாதே" என்றாய். அந்த வேலிக்காரர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கடைசியில் பின்னல் கம்பி வலை என்று முடிவானது. ஆள் உயரத்துக்கு மேல், உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்காத கனத்த கம்பி, சிமெண்ட் தூண்கள். யாரை வைத்துப் போடுவது என்பதில் மட்டும் உனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து ஊர் தேசிங்குதான் வேண்டும் என்றாய். மனைகளுக்கு வேலி போடுவது அவர் தொழில். அன்று தூண் ஏற்றிய வண்டியில் அந்தப் பக்கமாகப் போனவர், பையன்களின் கூச்சல் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தவர். கதிரை வெளியே கொண்டுவந்தது அவர்தான்.

அவர் வீட்டுக்கு நானும் உன்னோடு வந்தேன். தேசிங்கு உன்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"வேற ஆளப் பாருங்க சார். அந்தாண்ட போனாலே எனக்குப் பேஜாரா கீது. அன்னைலேர்ந்து சோறு சரியா எறங்க மாட்டுது."

"அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிடுதேன்," என்றாய். "மத்தவன் தூண நட்டுட்டுப் போயிருவான். நீங்க அப்படிப் போகமாட்டீங்க."

மறுநாள் தேசிங்கு அளக்க வந்தார்.

வேலை எளிதாக இல்லை. தோண்டுகிற இடமெல்லாம் பாறை. டிரில் போட்டுத் துளைத்து, சிமெண்ட் ஊற்றி, ஒவ்வொரு தூணாக நிறுத்தவேண்டியிருந்தது. ஊர்ப் பெண் ஒருத்தி துணி மூட்டையோடு வந்து சண்டை பிடித்தாள். "நீங்க பாட்டுக்கு வேலி போட்டுக்கினு பூடுவீங்க. நாங்க தொணிய எங்க தொவைக்கறது? மாட்ட எங்க கழுவறது?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. லாரி இறங்குவதற்காக வெட்டிய சரிவுப் பாதை மட்டும் ஆழமில்லாதது. அங்கே ஒரு கேட் வைத்து, பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்தாய்.

ஒரு மதியம், மேற்குப் பக்க விளிம்பில் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நீ தேசிங்கிடம் கேட்டாய்.

"அவன் எங்க கெடந்தான்?"

டிரில் ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தினார். தேசிங்கு என்னைப் பார்த்தார்.

"தோ, அந்த மொனைக்கு நேரா கீழ. பாறை இடுக்குல."

"தூங்குத மாதிரி இருந்தான்னு எல்லாரும் சொன்னாங்க."

தேசிங்கு தலையை ஆட்டினார். "இல்ல சார். கண்ணு தொறந்துகினு இருந்தான். கை மேல தூக்கிகினு இருந்துச்சி. அதப் புடிச்சித்தான் இழுத்தேன்."

நீ அழவில்லை. "கையைப் பிடிச்சீங்களா," என்று மட்டும் கேட்டாய். அவர் "ஆமா சார்" என்றார். பிறகு அவர் கையை எடுத்து உன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாய். வெயில் கொளுத்தியது. வேலையாட்கள் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். நீ விட்ட பிறகுதான் தேசிங்கு குறடை எடுத்தார்.

வேலி முடிந்ததைப் பார்க்க உன் மனைவியை அழைத்தாய். அவர் வரவில்லை. "யாரு பிள்ளைக்கோ போட்டாச்சு. நான் வந்து எதைப் பாக்க?" என்றார் என்று பஸ்ஸில் சொன்னாய். அவர் மேல் உனக்குக் கோபம் இல்லை. "அவ சொல்லுதது சரிதான்" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் உன் தலை என் மடியில்தான் இருந்தது. நான் பேசிக்கொண்டே வந்தேன். எதுவரைக்கும் உனக்குக் கேட்டது என்று தெரியவில்லை. உன் காரியம் முடிந்ததும் உன் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

வேலி போட்ட பிறகு அந்தத் தண்ணீர் யாரையும் எடுக்கவில்லை.

இன்று மதியம் தேசிங்கும் நானும் ஓட்டையை அடைக்கப் போனோம். எங்களுக்கு முன்பே பையன்கள் நாலைந்து பேர் துண்டோடு அங்கே நின்றிருந்தார்கள். ஒருவன் ஏற்கெனவே பாதி உள்ளே போயிருந்தான். வெளியே வரச் சொன்னேன்.

"இன்னா பெருசு, உங்கூட்டுக் கொளமா இது?"

என்னைத் தெரியுமே உனக்கு, கண்டக்டரிடம்கூடச் சத்தம் போடாதவன். இன்று கத்தினேன். "எங்கூட்டுப் பையன் செத்தது இங்கதாண்டா! தோ, இவருதான் பொணத்தத் தூக்கினாரு. கேளு!"

அவர்கள் தேசிங்கைப் பார்த்தார்கள். அவர் ஓட்டைக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்தவன் மெதுவாக வெளியே வந்தான். வண்டிகளை எடுத்துக்கொண்டு கிழக்கே போனார்கள்.

வலையை வைத்துக் கட்டி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கிழக்கே இன்னொரு குவாரி இருக்கிறது. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. தேசிங்கிடம் சொன்னேன். அவர் உடனே வண்டியை எடுத்தார். போய்ப் பார்த்தோம். நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் கிடந்தது.

உன் தைரியம் எனக்கு வரவில்லையப்பா. உன்னிடமிருந்து எனக்கு வந்தது பயம் மட்டும்தான். கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு குளம் வந்தாலும், ஜன்னல் பக்கம் திரும்பி, கரையில் ஆளில்லாத செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.