கையெழுத்து என்னுடையது

அன்புள்ள மகனுக்கு,

கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், விஷயம் பிறகுதான் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்தார். இத்தனை வயதுவரை அதை மீறியதில்லை. இன்று மீறுகிறேன். நாளைக் காலை எனக்கு அந்தச் சிகிச்சை நடக்கிறது. வேண்டாம் என்று மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு நீ நிறுத்தினாயே, அதே சிகிச்சைதான். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருக்கும்.

நீயும் மருமகளும் நலம்தானே? அவளுடைய முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேன், மாற்றினாளா என்று தெரியவில்லை.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. தேதியைச் சொல்லியிருந்தால் மறுபடியும் யாருக்காவது ஃபோன் போட்டிருப்பாய்.

என் இடது காதில் 'புஸ், புஸ்' என்று ஓசை கேட்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "எக்ஸ்சேஞ்ச்ல காலம் பூரா ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டிருந்தே, காது தேஞ்சு போச்சும்மா" என்றாய். பிறகு, "வீட்ல தனியா இருக்கே இல்ல, அப்படித்தான் ஏதாவது கேக்கும்" என்றாய். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காதுக்கு, கம்பியில் வரும் இரைச்சல் எது, மனத்தில் வரும் இரைச்சல் எது என்று தெரியாதா? நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறது, மாடிப்படி ஏறினால் வேகமாகிறது, காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தினால் அடங்குகிறது என்று சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கே இருக்கும் டாக்டரம்மாதான் முதலில் ஸ்டெதஸ்கோப்பை என் காதுக்குப் பின்னால் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எனக்கும் கேக்குதும்மா" என்றார். உன் அப்பா போன பிறகு இவ்வளவு இனிமையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

படம் எடுத்துப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில், ரத்தம் கொண்டு போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் நடுவில் எதுவும் இல்லாமல் நேராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வேகத்தில் ரத்தம் மூளையின் மெல்லிய குழாய்களுக்குள் எதிர்த்திசையில் ஏறுகிறது. ஓசை வெறும் தொந்தரவுதான். ஆபத்து அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது. ஒன்று வெடித்தால் மூளைக்குள் ரத்தம் கசியும். சும்மா விட்டால் என்றைக்கு வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. "இந்த வயசுல எதுக்கு, விட்டுடு" என்று நீ சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். அதையும் நான்தான் எடுக்க வேண்டும்.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "உங்க பையன் வேணாம்னு சொல்லிட்டாரும்மா, அந்தத் தேதியை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்" என்றாள். படிவத்தில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் உன் எண்ணை எழுதியிருந்தேன். அதைப் பார்த்து, நீதான் என்னை நிர்வகிக்கும் அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள் போல. மறுநாள் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு டாக்டர் அறைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற உதவியாளர், "பையனை ஒரு ஃபோன் பண்ணச் சொல்லுங்கம்மா, முடிஞ்சிடும்" என்றார். "தம்பி, நோயாளி நான். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு வா என்று குழந்தையை அனுப்புவதுபோல என்னை அனுப்பாதீர்கள்" என்றேன். எழுந்திருக்கவில்லை. மதியம் டாக்டரம்மா வெளியே வந்து விஷயத்தைக் கேட்டு, "தப்பு எங்க மேலதான்" என்றார். நாளைய தேதியை அன்றே எழுதிக் கொடுத்தார். நான் அவரை முழுதாக நம்பியது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

மண்டையைத் திறக்கப் போவதில்லை. தொடைக்கு மேலே ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக நூல் போன்ற குழாய் தலைவரை ஏறும். அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் போனதும் மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள். பழைய மருந்து ஒன்று இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் அதைக் கரைக்கும் திரவத்தால் இரண்டு நாள் மூச்சில் பூண்டு வாடை அடிக்குமாம். இங்கே வார்டில் என் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அதைத்தான் போட்டார்கள். "பார்க்க வர்றவங்கெல்லாம், ஆஸ்பத்திரில நல்லா கவனிக்கிறாங்க போலன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்று சிரிக்கிறார். எனக்குப் போடப்போவது புதியது. தண்ணீரில் ஆன ஒரு கூழ். அழுத்தினால் இளகி ஓடும், அழுத்தம் நின்றால் அப்படியே இறுகி நின்றுவிடும். டாக்டரம்மா பற்பசையை உதாரணம் காட்டினார். உன் அப்பாவின் சுபாவமே அதுதான் என்றேன். பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆமாம், அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. விலங்குகளுக்குப் போட்டுப் பார்த்து, இப்போது சில மனிதர்களுக்குப் போடுகிறார்கள். "நீ என்ன சோதனை எலியா?" என்று கத்தினாய். எலிக்கு வாசிக்கத் தெரியாது. நான் அவர்கள் கொடுத்த விளக்கத் தாள்கள் அத்தனையும் வாசித்தேன். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். கூழ் வேறு இடத்துக்கு நழுவினால் என்ன ஆகும், முழுதும் அடைக்காமல் பாதியில் நின்றால் என்ன செய்வீர்கள், பழைய மருந்து கையில் தயாராக இருக்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார்.

பிறகு, "புரிஞ்சதை நீங்களே ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். எக்ஸ்சேஞ்சில் எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் நான் யாருக்கும் இணைப்புக் கொடுத்ததில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். கை கால் வராமல் போகலாம், பேச்சுப் போகலாம், பார்வை போகலாம். கடைசியில் இருந்ததை மட்டும் அவர் சுற்றிவளைத்துச் சொல்லியிருந்தார். நான் நேராகவே சொன்னேன்: செத்துப்போகலாம். அவர் தலையசைத்தார். பேனாவை வாங்கிச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். "கூட யாராவது போடணுமா?" என்று கேட்டேன். "வேணாம்மா, உங்களோடது போதும்" என்றார்.

இப்போது ஒரு விஷயம். நாம் இருவரும் இதுவரை பேசாதது.

அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். அவசரம் என்று சம்மதத் தாளை உன்னிடம் நீட்டினார்கள். நான் படியேறி வந்தபோது நீ கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாய். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு உன்னைக் கவனித்திருக்கிறேன். கூரியர்காரர் வந்தால்கூட, "அம்மா, நீ போட்டு வாங்கிக்கோ" என்று உள்ளே போய்விடுவாய். அப்புறம் அவ்வளவு தூரத்தில் வேலையைத் தேடிக்கொண்டாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் நான் அங்கே நின்றிருந்தால் நானும் போட்டிருப்பேன். அதே தாளில், அதே இடத்தில். எனக்கு அதில் ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வந்ததில்லை.

இந்த முறை உன்னிடம் யாரும் தாளை நீட்ட மாட்டார்கள். நீ எவ்வளவு கோபித்தாலும் சரி, நீ தடுத்தாய், நான் மீறினேன். நாளை நல்லபடியாக முடிந்தால், சொன்னேனே பார்த்தாயா என்று காலம் பூரா உன்னைக் குத்திக்காட்டுவேன், தயாராக இரு. வேறு விதமாக முடிந்தால் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார். தெளிவாக, முழுப் பெயரோடு, கோட்டுக்கு மேலே நேராகப் போட்டிருக்கிறேன். அதன் பக்கத்தில் வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை.

நர்ஸ் வந்து படுக்கச் சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. அன்று அந்தக் கையெழுத்தைப் போட்ட உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், மகனே.

யாரையும் கேட்காமல்,
உன் அம்மா