நாலு கோட்டையும் தொடும் கோடுகள்

அக்டோபர் 6, 2024

மழை வரும்போல இருக்கிறது, வரவில்லை. காலேஜ் லீவு, பாடம் எடுக்க வேண்டாம். மறுபடி அதே பெருக்கல். நான் எடுத்துக்கொண்ட சமச்சீர்ச் சார்புகளை — மாறிகளை எப்படி இடம் மாற்றினாலும் மாறாத கோவைகளை — பெருக்கி விரித்தால், முன்னால் நிற்கும் எண் ஒன்றுகூட மைனஸாக வருவதில்லை. ஏன்? மூன்று வருஷமாக இதே ஏன். எதையோ எண்ணிச் சொல்லும் எண்ணாக இருந்தால் மைனஸ் வராது. எதை? வடிவங்களைப் பார்க்கத் தெரிந்தவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்லின்.

அக்டோபர் 7

பெயரை எழுதியதிலிருந்து மணியாச்சி ஜங்ஷன் ஞாபகம். அவளும் நானும் ஒன்றாக எம்.எஸ்சி. படித்த நாட்கள். திருநெல்வேலியிலிருந்து வரும்போது தூத்துக்குடி வண்டிக்கு அவள் அங்கே மாறுவாள். நானும் சும்மா கூட இறங்குவேன். அடுத்த வண்டியில் கோவில்பட்டி போய் அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன்.

"முப்பரிமாண வெளியில நாலு கோடு, ஒண்ணையொண்ணு தொடாம கிடக்கு. நாலையும் தொட்டுட்டுப் போற கோடு எத்தனை?" என்றாள் ஒரு நாள். எங்கள் நாலு கைகளும்தான் கோடுகள். முறுக்கு விற்கிறவர் வியாபாரத்தை விட்டு எங்களையே பார்த்தார். வடிவக் கணிதத்தில் அவளுக்கு விடை ரெண்டு. நான் அன்று படித்தது வேறு: ரெண்டுக்கு ரெண்டு கட்டத்தில், ஒன்று முதல் நாலு வரை, குறுக்கேயும் கீழேயும் ஏறும்படி நிரப்புவது. அதுவும் ரெண்டே வழி.

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதான்!" என்று கத்தினாள்.

நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்தோம். நூறு வருஷத்துக்கு மேல் பழைய சங்கதி. அந்தச் சந்தோஷம் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

அக்டோபர் 12

ஆஸ்லினைப் பார்க்கப் புதியம்புத்தூர் போனேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது சென்னையில் ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவர் போன பிறகும் அவருடைய ரெடிமேட் துணி யூனிட்டை அவள்தான் பார்க்கிறாள். தீபாவளி நெருக்கடி. என் காகிதங்களைப் பார்க்கவேயில்லை.

"அதெல்லாம் விட்டாச்சு செல்வி. சுடிதார் அளவு கேளு, சொல்லுதேன்." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "பாதியில விட்டவகிட்ட வந்து கேக்குதியே. எனக்கு வலிக்காதா?"

காகிதங்களை அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன். போயிருக்கவே கூடாதோ?

அக்டோபர் 31

தீபாவளி. அவளிடமிருந்து ஒன்றுமில்லை.

நவம்பர் 10

சர்ச் முடிந்து நேரே வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஒங் கணக்கு தப்பு."

என் சார்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு; பெரிய கட்டத்துக்குப் போனால் ஓர் எண் மைனஸாகிறது. போட்டுக் காட்டினாள். மூணு வருஷம்! அவ முன்னாலயே அழுதுட்டேன்.

"முழுசாக் கேளுட்டி. அந்தக் கட்டத்துக்குரிய வடிவத்துல ஒரு எடம் கூரா ஆயிருது. வழவழன்னு இருக்குத வரைக்கும் நீ சொன்னது சரி. அதுக்குக் காரணம் எங்கிட்ட இருக்கு."

காரணத்தில் ஓட்டை இருந்தது. சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது சாயும்வரை சண்டை. எவ்வளவு நாளாச்சு!

பிப்ரவரி 16, 2025

சின்னத் தேற்றம்தான். ஆசைப்பட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் ஓட்டை அடைபட்டுவிட்டது. ரெண்டு பேர் பெயரிலும் இன்று ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

"எம் பேருக்குக் கீழ எந்த காலேஜைப் போட?" என்று தயங்கினாள்.

"புதியம்புத்தூர்னு போடு."

போட்டாள்.

மார்ச் 3

வகுப்புக்குக் கிளம்பும்போது போன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். ஆர்டர் விஷயமாக்கும் என்று நினைத்தேன்.

"செல்வி, இப்பல்லாம் நீதான கேப்பே? இன்னைக்கு நான் ஒரு கணக்கு கேக்குதேன்" என்றாள்.

வகுப்புக்குப் பிந்தித்தான் போனேன்.