மகனிடம் யார் கேட்டோம்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து சாரல். இவருக்கு டயாலிசிஸ், நான்கு மணி நேரம். வெளியே பெஞ்சில் நான். பாடக்குறிப்பு எழுத வேண்டும்: யூதம், கிறித்தவம், இஸ்லாம், ஒப்பீடு. கட்டம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே கடவுள். மூன்றுக்கும் ஆபிரகாம் மூதாதை. கூடி வணங்கும் நாள்: சனி, ஞாயிறு, வெள்ளி. அதற்குள் கண் சொருகியது.

இவருக்குச் சிறுநீரகம் எங்கள் மகன் கார்த்தி கொடுப்பதாக முடிவு. இவருடைய அண்ணன் வந்து பேசி முடித்துவிட்டார். "இவ டீச்சர் வேலைக்குப் போகலன்னா வீடு என்னத்துக்கு ஆகும்?" என்னுடையது பொருந்துமா என்று சோதிக்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு வயது 23.

ஜூலை 10, வியாழன்
மறுபடி அதே பெஞ்ச். இடப்பக்கம் மெர்சி, உள்ளே அவள் கணவர். வலப்பக்கம் அச்சன்புதூர் நூர்ஜஹான், உள்ளே அவள் அண்ணன். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையைக் கேட்டேன்.

மெர்சி: "ஈசாக்கு, டீச்சர். பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கப்பான்னு கேக்கான். தேவன் பாத்துக்கிடுவாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறாரு."

நூர்ஜஹான்: "எங்களுக்கு இஸ்மாயீல். இப்ராஹீம் நபி மகன்கிட்ட கேட்டாவ, நீ என்ன சொல்லுதன்னு. அவுகளும் சம்மதிச்சாவ."

சண்டை இல்லை. மெர்சியின் முறுக்கை மூவரும் தின்றோம்.

யூதர்களுக்கும் ஈசாக்குதான். மகனைப் பலியிடக் கொண்டுபோன செய்தி கேட்டே தாய் சாராள் இறந்ததாக அவர்களிடம் ஒரு கதை, போனில் படித்தேன். மூன்றிலும் மகன் பிழைத்துக்கொள்கிறான். அதற்கு மேல் எழுத ஓடவில்லை. கார்த்தியிடம் யார் கேட்டோம்?

ஜூலை 12, சனி
கார்த்தியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்தருவியில் கூட்டம், குளிக்கவில்லை. டீக்கடையில் வைத்துக் கேட்டேன். "ஏலே, ஒனக்கு இஷ்டந்தானா?"

"பெரியப்பா சொன்ன பொறவு என்னத்தம்மா."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பயமா இருக்கும்மா. ஆனா குடுத்துருவேன்."

பஜ்ஜி அப்படியே இருந்தது.

ஜூலை 14, திங்கள்
முதலில் என்னைச் சோதியுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். இவர் படுக்கையிலிருந்தே கத்தினார். "ஒனக்கு ஏதும் ஆச்சுன்னா?"

"அவனுக்கு ஆனா?"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.

எனக்கும் இவருக்கும் ஓ பாசிட்டிவ். மற்ற சோதனைகள் மதுரையில். கால் கடுக்கிறது. லீவு விண்ணப்பம் எழுத வேண்டும்.