பாட்டில் புதினா

மார்ச் 4
மூன்றாம் நோன்பு. மொட்டைமாடியில் வரிசையாக ஊறுகாய் பாட்டில்கள், எல்லாவற்றிலும் புதினா. மண்ணே கிடையாது, உரம் கலந்த தண்ணீர் மட்டும். அத்தா ஜவ்வரிசி மண்டிக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுச் சிரித்தார். "படிப்ப விட்டுட்டு பாட்டில் வளக்குறா எம் பொண்ணு!"
சுர்ரென்று ஏறிவிட்டது. பந்தயமாக ஒரு பேச்சு பேசினேன். பெருநாள் பிரியாணிக்கு என் புதினா வந்தால் அவர் காலேஜ் பேச்சை எடுக்கக் கூடாது. வராவிட்டால் ஜூனில் நான் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். "சரி" என்றார். உடனே!

மார்ச் 12
வேர் நீளமாக இறங்கிவிட்டது. தண்ணீர் குறையக் குறைய மேலே காலியிடம் வரும். அதில்தான் வேர் மூச்சு விடும். நிரப்பவே கூடாது. இதை வீட்டில் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

மார்ச் 19
ஐயோ. எல்லாம் மஞ்சள். தொட்டா இலை கையோட வருது. வேர் கொழகொழன்னு. நேத்து லேசா வாடியிருந்துச்சு, வெயில்னு நெனச்சேன் — பாட்டிலெல்லாம் கழுத்துவரைக்கும் தண்ணி! நான் ஊத்தல. அப்போ யாரு?
அம்மாவிடம் கத்தினேன். "ஏய் சாதியா, முட்டிவலியோட நான் மாடி ஏறுவனா?"

மார்ச் 20
விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த அத்தா நேராக மாடி ஏறினார். பின்னாலேயே போனேன். தலையில் தொப்பி, கையில் சொம்பு. ஒவ்வொரு பாட்டிலாக ஊற்றிக்கொண்டிருந்தார்.
"என்னத் தோக்கடிக்கத்தானே?"
திடுக்கிட்டுத் திரும்பினார். "தோக்கடிக்கவா? அன்னைக்குப் பாத்தப்போ தண்ணி பாதிக்குக் கீழ போயிருந்துச்சேம்மா. நோன்பு நமக்குத்தான். இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"
நாலு நாளாக ஊற்றினாராம். இந்த மனுஷனா? சிரிச்ச மனுஷனா?
வேர் மூச்சுமுட்டிச் செத்துவிட்டது என்று சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 31
பெருநாள். பிரியாணியில் கடைப் புதினா.
"என்னாலதான போச்சு. அந்தப் பேச்சு செல்லாது, விடும்மா."
"பேசுனது பேசுனதுதான் அத்தா."
நானா சொன்னேன்? வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

ஏப்ரல் 9
மறுபடி நட்டாச்சு. புதினாக் கட்டு வாங்கி வந்தது அத்தா. நான் கேட்கவே இல்லை.

ஜூன் 16
காலேஜ். அதே பெஞ்சு, அதே கொட்டாவி.
மதியம் அத்தாவிடமிருந்து ஒரு படம். பாட்டில் பக்கத்தில் அவர் விரல், தண்ணீர் நிற்கும் இடத்தைத் தொட்டபடி. மண்டி வேலைக்கு நடுவில் வீட்டுக்கு வந்து மாடி ஏறியிருக்கிறார். கீழே: "இவ்ளோ எறங்கிருச்சு. ஊத்தவா, விடவா?"
ரெண்டு தடவை படிச்சேன். அத்தா — என்கிட்ட கேக்குறார்.
"விடுங்க" என்று அனுப்பினேன்.